பசுமை முலாமும் உரைகல்லும்

(மறைமலைநகரில் நடந்த நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்காலத்துக் கம்பெனிகள் பலவும் தம்மைப் பசுமை நெறியின என்றும், எப்பொருளையும் வீணாக்காது சுழற்றிச் சுழற்றிப் பயன்கொள்வன என்றும் நாடோறும் அறிவித்து வருகின்றன. அவ்வறிவிப்புக்களை நாம் எங்ஙனம் கேட்டல் வேண்டும் என்பது பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளரவர்கள் என்னைப் பணித்தார்கள். பள்ளியில் தமிழ் கற்பிப்பானொருவனுக்குக் கம்பெனிக் கணக்கில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் நகைக்கவுங் கூடும். ஆயினும் எண்ணிப் பார்க்குங்கால் இப்பொருள் இருவகையால் நமக்கே உரியதாகத் தோன்றுகின்றது. ஒருவகையால் இது சொல்லைப் பற்றியது. சொல்லை ஆராய்தல் என் தொழில். மற்றொரு வகையால் இது மாற்றைப் பற்றியது. மாற்றை ஆராய்தல் நம் விசுவகர்ம மரபின் தொழில். இவ்விரண்டனையுமே துணையாகக் கொண்டு பேசத் துணிந்தேன்.

நாம் கூடியிருக்கும் இவ்வூர் தனித்தமிழியக்கங் கண்ட மறைமலையடிகளாரின் (1876–1950) பெயரைத் தாங்கியது. சொல்லின் தூய்மைக்காகத் தம் பெயரையே மாற்றிக்கொண்ட பெரியார் அவர். இன்றோ இவ்வூர்ப் பெயரைக் கூறின் பலர்க்கும் தொழிற்சாலைகளே நினைவுக்கு வரும். பெருஞ்சாலையிற் சிங்கப்பெருமாள்கோயிலைக் கடந்து செங்கற்பட்டு நோக்கிச் சென்றால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. வடமேற்கே திரும்பினால் ஒரகடம். நம் பிள்ளைகள் பலர் இங்கெல்லாம் பணிபுரிகின்றனர். சிலர் இயந்திரத்தருகே நிற்கின்றனர். சிலர் அலுவலகத்தமர்ந்து, யான் இன்று பேசவிருக்கும் அறிக்கைகளையே எழுதுகின்றனர். அவர்கள் என்மீது வருந்தாதிருப்பார்களாக.

இவ்வறிக்கைகள் இப்பொழுது கம்பெனியாரின் விருப்பத்தின்பாற் பட்டனவும் அல்ல. பங்குச்சந்தையை மேற்பார்க்கும் ‘செபி’ என்னும் வாரியம் 2021-இல் ஒரு விதி செய்து, 2022–23 கணக்காண்டு முதல் நாட்டின் 1000 பெரிய பங்குக் கம்பெனிகள் தம் பொறுப்புடைமையும் நிலைப்பேறும் பற்றி ஆண்டுதோறும் அறிக்கையிடல் வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியுளது. எத்துணை மின்சாரம், எத்துணை நீர், எத்துணைக் கழிவு என்று கணக்குக் கூறும் அவ்வறிக்கை பெரும்பாலும் நன்மையே செய்வது. ஆயின் அதனைப் பொறுமையுடன் படிப்பவர் சிலர்; சாலையோரப் பலகையையும் சவர்க்கார உறையையும் படிப்பவரோ நாம் எல்லேமும். அறிக்கையில் எண்ணாக இருப்பது உறைக்கு வரும்போது இலையாகவும் மரமாகவும் பச்சை நிறமாகவும் மாறிவிடுகின்றது. அம்மாற்றத்தைப் பற்றியே யான் பேசவந்தது.

இனி, அவர்கள் கூறுவதுதான் யாது? இயந்திரத்தொழில் தோன்றிய நாள்முதல் அஃது ஒரு நேர்கோட்டிற் சென்றுகொண்டிருந்தது: மண்ணிலிருந்து எடுத்தல், பண்டமாக்கல், பயன்படுத்தல், எறிதல். அங்ஙனம் எறியாது மீட்டெடுத்து மீண்டும் பண்டமாக்கி, அக்கோட்டினை வட்டமாக வளைத்தலே சுழற்பொருளாதாரம் எனப்படுவது. இக்கொள்கையை உலகெங்கும் பரப்பியவருள் ஒருவர் எல்லன் மெக்ஆர்தர் என்னும் ஆங்கில நங்கை. இவர் 2005-இல் தனியொருவராய்ப் பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்து, அதற்குமுன் அங்ஙனம் சுற்றிய எல்லாரினும் விரைவாக மீண்டவர். 2010-இல் இதற்கென ஓர் அறநிலையம் நிறுவினார். உலகையே வட்டமிட்டவர்க்கு வட்டத்தின்மீது விருப்பெழுந்தது வியப்பன்று.

ஆயின் அவர்கள் புதுமை என்று கொண்டாடும் இது நம் பட்டறைகளிற் பழைமை. பொற்பணி செய்வார் இல்லத்துப் பாட்டியின் காசுமாலை பேத்தியின் வளையலாகின்றது; அவ்வளையல் இன்னொரு தலைமுறையில் மற்றொன்றாகும். பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணையும் உலைச்சாம்பலையுங்கூட நம்மவர் எறிவதில்லை. அதனை விலைகொடுத்து வாங்கி நீரிலிட்டு அரித்துப் பொற்றுகளைப் பொறுக்குவோர் உளர். கன்னாரிடத்து நசுங்கிய அண்டாவும் ஓட்டைக்குடமும் உலைக்குட் சென்று புதுப் பாத்திரமாகின்றன. படிமம் வார்க்குங்கால் உருகி வடியும் மெழுகினையும் அவர் சேர்த்துவைத்து அடுத்த படிமத்துக்கு ஆளுகின்றனர். கொல்லருலையில் தேய்ந்த கொழு அரிவாளாகின்றது. தேய்ந்த அரிவாள் ஆணியாகின்றது. தச்சுத்தொழிலில் வீட்டின் உத்தரம் அடுத்த தலைமுறையிற் கதவுநிலையாகி, அதன்பின் மணையாகி, ஈற்றில் அடுப்பிற் புகுகின்றது. மாமல்லபுரத்துச் சிற்பியர் நிலையோ வேறு. உளிபட்டுத் தெறித்த சில்லு மீண்டும் கல்லாவதில்லை. ஒருமுறை மூக்குச் சிதைந்தால் சிதைந்ததே.

இவ்வைந்தனையும் யான் விரித்துரைத்தது பெருமை பேசற்கன்று. சுழற்சி என்பது ஒருசொல்லாயினும் ஒருபொருளன்று என்பதை இவை நமக்குக் காட்டுகின்றன. பொன் முழுவட்டஞ் சுற்றி முன்னிருந்த மாற்றுக்கே மீளவல்லது. மரமோ ஒவ்வொரு சுற்றிலும் ஒருபடி தாழ்ந்து முடிவிற் சாம்பலாவது. கல்லுக்குச் சுற்றே இல்லை. ஆதலின் ஒரு கம்பெனியார் ‘எம் பண்டம் சுழல்வது’ என்பாராயின், நம் மரபினர் கேட்கவேண்டிய முதல்வினா, ‘ஐயா, உம் சுழற்சி பொன்னின் சுழற்சியா, மரத்தின் சுழற்சியா?’ என்பதே.

பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். நீர் விற்கும் குப்பியை உருக்கி இழையாக்கி நூலாக்கி ஆடை நெய்யலாம். நம் கரூரில் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் என்னும் நிறுவனத்தார் இதனைச் செய்து வருகின்றனர். 2023 பிப்பிரவரியில் இந்தியப் பிரதமர் பாராளுமன்றத்துக்கு அணிந்துசென்ற நீலநிற மேற்சட்டைக்கான துணி அவர்கள் ஆக்கியதே. நல்ல தொழில், அதனை யான் குறைகூறேன். குப்பைமேட்டிற் கிடக்கவேண்டிய குப்பி மனிதன் மேனியை மறைத்தல் நன்றன்றோ? ஆயின் அவ்வாடை கிழிந்தபின் அதனின்று மீண்டும் குப்பி செய்வது அரிது. உத்தரம் மணையாயிற்று; அவ்வளவே. அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 630 கோடி டன். அதில் மறுசுழற்சிக்குச் சென்றது நூற்றுக்கு 9 பங்கு; எரிக்கப்பட்டது 12 பங்கு; எஞ்சிய 79 பங்கும் குப்பைமேட்டிலும் வெளியிடங்களிலும் சேர்ந்தது. நூற்றுக்கு 9 பங்கு வளைந்த கோட்டினை வட்டம் என்று எந்தக் கணக்காசிரியரும் ஒப்பமாட்டார்.

இன்னொன்று சேதாரம். பொன்னுங்கூட உருக்குந்தோறும், அராவுந்தோறும், மெருகிடுந்தோறும் சிறிது குறையும். அதனை நாம் மறைப்பதில்லை. செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று சீட்டில் எழுதித் தருகின்றோம். ‘எம் கடையிற் சேதாரமே இல்லை’ என்று பலகை கட்டுவாரைக் கண்டால், அது வேறெந்த வரியில் ஒளிந்துள்ளது என்று தேடத் தெரிந்த தாய்மார்கள் இவ்வவையில் உளர். அவர்களே கம்பெனி விளம்பரத்தைப் படிக்கவும் தக்கார். எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மீண்டது, எவ்வளவு அழிந்தது என்னும் மூன்றில் மூன்றாவது விடப்பட்டிருப்பின் அவ்வறிக்கை முடிவுபெறாத அறிக்கை. யான் எவ்வறிக்கையைக் கையிலெடுப்பினும் முதலிற் றேடுவது சேதாரத்தையே.

நிற்க. என் தொழிலுக்கு வருகின்றேன். பத்தாம் வகுப்பு மாணாக்கர்க்கு வினைமுற்றுக் கற்பிக்கும்போது, பாடநூல் எடுத்துக்காட்டுக்களை விடுத்து அவர்கள் கொணர்ந்த பண்டங்களின் உறைகளையே படிக்கச் செய்ததுண்டு. ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்றோர் உறை. ‘மறுசுழற்சி செய்யப்பட்டது’ என்று மற்றோர் உறை. இரண்டும் ஒன்றே என்றான் ஒரு சிறுவன். பக்கத்திலிருந்த சிறுமி, “சார், உண்ணத்தக்க சோறும் உண்ட சோறும் ஒன்றா?” என்றாள். இலக்கணம் அவ்வளவே. ‘தக்கது’ என்பது பண்டத்தின் இயல்பைச் சொல்கின்றதேயன்றி நிகழ்ந்த செயலைச் சொல்லவில்லை. உலகிலுள்ள பெரும்பாலான பண்டங்கள் ஏதேனுமொரு நாட்டில், ஏதேனுமொரு செலவில், மறுசுழற்சி செய்யத்தக்கனவே. நம் ஊரில் அதனை வாங்குவார் உளரா, அதற்கு உலை உளதா என்பதே வினா.

பிளாஸ்டிக் பண்டங்களின் அடியில் மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் முக்கோணம் ஒன்று காண்பீர்கள். மறுசுழற்சியின் குறியாக அதனை வரைந்தவர் கேரி ஆண்டர்சன் என்னும் அமெரிக்க மாணவர். அது 1970-இல் ஒரு போட்டிக்காக வரையப்பெற்றது. 1988-இல் அந்நாட்டுப் பிளாஸ்டிக் தொழிலார் சங்கத்தினர் அதனையொத்த முக்கோணத்துள் 1 முதல் 7 வரை எண்ணிட்டு வழங்கலாயினர். அவ்வெண் பிளாஸ்டிக்கின் வகையைக் குறிப்பது. 1 என்பது நீர்க்குப்பி வகை, 6 என்பது நுரைத்தட்டு வகை. அப்பண்டம் மறுசுழற்சி பெற்றதென்றோ பெறுமென்றோ அது கூறுவதில்லை. ஆயினும் காண்பார் நூற்றுவருள் தொண்ணூற்றுவர் அங்ஙனமே கொள்வர் என்று நினைக்கின்றேன். சொல்லாமற் சொல்லுதல் புலவர்க்கு அணி. வாணிகர்க்கு அஃது அணியன்று.

அடுத்தது எதிர்காலம். விளம்பர மொழியில் எதிர்கால வினைமுற்றுப் போல் மலிந்தது பிறிதில்லை. ‘2030-க்குள் செய்வோம்’, ‘2050-க்குள் எய்துவோம்’ என்பன யாண்டும் கேட்கப்படுகின்றன. கோக்கோகோலா கம்பெனியார் 2018-இல், தாம் விற்கும் ஒவ்வொரு குப்பிக்கும் ஈடாக ஒன்றை 2030-க்குள் திரும்பப் பெறுவோம் என்றும், தம் உறைபொருளிற் பாதியை மறுசுழற்சிப் பொருளால் ஆக்குவோம் என்றும் உலகறிய உறுதி கூறினர். 2022-இல், தம் பானங்களிற் கால்பங்கினை மீண்டும் நிரப்பத்தக்க கலங்களில் விற்போம் என்றும் சேர்த்துரைத்தனர். 2024 டிசம்பரில் அவ்வுறுதிகள் மாறின. திரும்பப்பெறுவது நூற்றுக்கு 70 முதல் 75 வரை, மறுசுழற்சிப் பொருள் 35 முதல் 40 வரை, எல்லை 2035 என்றாயின. மீண்டும் நிரப்புங் கலம் பற்றிய உறுதி புதிய பட்டியலில் இடம்பெறவே இல்லை. இதனால் அவர்கள் பொய்யர் என்று யான் கூறவரவில்லை. கடினமான வேலை கடினமென்று உணர்ந்திருக்கலாம். ஆயின் 2018-இன் முழக்கம் கேட்ட செவிகளுக்கு 2024-இன் திருத்தம் கேட்டதா? நம்மிடத்து ஒருவர் தைத்திங்களுக்குத் தாலி செய்து தருவதாகக் கூறி ஆவணியில் மோதிரம் தருவாராயின், முகூர்த்தம் குறித்த வீட்டார் அவரைச் சும்மா விடுவரோ?

முழுமையைச் சுட்டும் சொல்லால் ஒரு பகுதியைக் கூறுதல் இன்னொரு வழி. அதே கம்பெனியார் ஐரோப்பாவிற் சில குப்பிகள்மேல், இது முற்றும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கால் ஆகியது என்னும் பொருள்பட எழுதிவந்தனர். நுகர்வோர் சங்கங்கள் 2023-இல் முறையிட்டதன்பேரில், 2025 மே திங்களில் அவர்கள் அச்சொற்களை மாற்ற இசைந்தனர். மாற்றம் யாதெனின், குப்பி மட்டுமே அத்தகையது, மூடியும் ஒட்டுச்சீட்டும் அல்ல என்று விளங்கக் கூறுதல். இஃது எத்துணைச் சிறிய திருத்தம் என்று பிறர் நினைக்கலாம். பொற்பணி அறிந்தார் அங்ஙனம் நினையார். சங்கிலியின் கண்ணிகள் மாற்றுயர்ந்த பொன்னாக இருக்க அவற்றை இணைத்த பற்றாசு மாற்றுக் குறைந்திருக்கும். குண்டு பொன்னாக இருக்க உள்ளே அரக்கு நிரம்பியிருக்கும். அரக்கை நீக்கி நிறுத்தலே நேர்மையான நிறுவை. ‘மூடியல்ல, ஒட்டுச்சீட்டல்ல’ என்பது அரக்கை நீக்கிய நிறுவை.

இத்தகைய நடையை ஆங்கிலத்தார் ‘கிரீன்வாஷ்’ என்பர். ஜே வெஸ்டர்வெல்டு என்னும் அமெரிக்கர் 1986-இல் எழுதிய கட்டுரையொன்றில் இச்சொல்லை வழங்கினார். கடற்கரை விடுதிகளில், ‘கடலையும் நிலத்தையும் காக்க, துவைத்த துவாலை கேளாது பழையதையே பயன்படுத்துக’ என்று எழுதிவைத்த அட்டையைக் கண்டு அவர்க்கு இவ்வெண்ணம் உண்டாயிற்று. அட்டை வைத்த விடுதியோ கடற்கரையில் மேன்மேலுங் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தது. நம் மாமல்லபுரக் கரைவழியே செல்வார்க்கு இதனை மேலும் விளக்கவேண்டா. இச்சொல்லைத் தமிழிற் சிலர் பச்சைப்பூச்சு என்கின்றனர். யான் பசுமை முலாம் என்பேன். என்னை? பூச்சு கண்டவுடன் பூச்சென்று தெரியும். முலாமோ உரைக்குமளவும் பொன்னென்றே நிற்கும்.

உரைகல்லையே ஏமாற்றிய கதையும் உண்டு. ஜெர்மானிய வோக்ஸ்வாகன் கம்பெனியார் தம் டீசல் வண்டிகளைத் தூய புகையுடையன என்று அமெரிக்காவில் விளம்பரப்படுத்தி விற்றனர். 2015 செப்டம்பரில் உண்மை வெளிப்பட்டது. ஆய்வுக்கூடத்திற் சோதிக்கப்படுவதை வண்டியே உணர்ந்து, அந்நேரத்து மட்டும் புகையைக் குறைத்துக்கொள்ளுமாறு அதனுட் கணிப்பொறி வேலை செய்யப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள் இத்தன்மையன. இந்தியாவிலும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திருத்தற்பொருட்டுத் திரும்ப அழைப்பதாக அவ்வாண்டு டிசம்பரிற் கூறினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அதனை வலிந்து பெறுதலை உச்சநீதிமன்றம் அவ்வாண்டே நிறுத்திவைத்தது. கல்லின்மேல் மட்டும் பொன்னாகி, கழுத்திற் பித்தளையாகும் நகையை நம் முன்னோர் கனவிலுங் கண்டிரார்.

சான்றிதழும் இங்ஙனமே. நம் நாட்டிற் பிளாஸ்டிக் உறையில் பண்டம் விற்போர், அவ்வளவு பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வித்தல் வேண்டும் என்று 2022-இன் விதி கூறுகின்றது. தாமே செய்ய இயலாதார் மறுசுழற்சி செய்வோரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம். 2023-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தார் ஆராய்ந்தபோது, குஜராத்து, மகாராட்டிரம், கருநாடகம் ஆகிய இடங்களிற் சில ஆலைகள் ஏறத்தாழ 6 இலட்சம் பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கியிருத்தல் கண்டனர். கையிற் சான்றிதழ் இருந்தது; குப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

அற்றேல் எல்லாம் முலாமேயோ எனின், அன்று. நம் அருகிலேயே ஒன்று காட்டுவேன். மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2016-இல் உணவுக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதனைப் பற்றி அவர்கள் வெளியிட்ட செய்தியில், நாளொன்றுக்கு 8 டன் சமையற்கழிவு உட்செல்லும், 1000 கன மீட்டர் வாயு வெளிவரும், அதனைத் தூய்மை செய்யின் 400 கிலோ எரிபொருள் கிடைக்கும், 4 டன் எரு எஞ்சும் என்று எண்கள் தரப்பட்டன. இதனை யான் பாராட்டுகின்றேன். இலை வரைந்து நிறுத்தாமல் தராசைக் கையிற் கொடுத்தனர். தராசு கையிலிருப்பின் நாம் அடுத்த வினாவையும் எழுப்பலாம்: அது தொடக்கநாள் உரைத்த ஆற்றல், அதன்பின் ஆண்டுதோறும் எத்தனை நாள் அவ்வளவு கழிவு உட்சென்றது? எண் தந்தவரிடத்தேதான் இவ்வினாவை எழுப்பவும் கூடும். ‘பசுமையைப் போற்றுகின்றோம்’ என்று மட்டும் எழுதினாரை எதைக்கொண்டு வினவுவது?

இடையே ஒரு சொல். நிலைப்பேறு என்பதனை இவ்வூரார் காற்று, நீர் பற்றிய சொல்லாக மட்டும் கேட்டல் இயலாது. ஃபோர்டு கம்பெனியார் 2021 செப்டம்பரில் இந்தியாவில் வண்டி செய்தலை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் இங்குள்ள ஆலையின் வேலையை முடித்துக்கொண்டனர். 2025 அக்டோபரில் அதே ஆலையில் 2029 முதல் எஞ்சின் செய்யவிருப்பதாகக் கூறியுளர். எழுப்பிய கட்டடம் வீணாகாது மீண்டும் பயன்படுதல் நல்ல சுழற்சியே. கட்டடத்தைப் போலவே அங்கு வேலை செய்தாரும் காத்திருந்தனரா என்பதற்கு எந்த அறிக்கையின் பச்சைப் பக்கத்திலும் ஒரு வரி கண்டிலேன்.

இனிச் சட்டம் கூறுவது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தார் 2024 அக்டோபர் 15-இல் பசுமை முலாம் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டனர். ‘பசுமையானது’, ‘தூயது’, ‘சூழலுக்கு உகந்தது’, ‘நிலைப்பேறுடையது’ என்னும் பொதுச்சொற்களைத் தக்க விளக்கமின்றி வழங்கலாகாது. கூறுவது பண்டம் முழுதையுமா, ஒரு பகுதியையா, உறையையா, செய்முறையையா என்று தெளிவுறுத்தல் வேண்டும். மறுசுழற்சிக்குரியது, மட்குவது என்றாற்போலக் கூறின் அதற்குச் சான்று வேண்டும். எதிர்காலத்தைப் பற்றி உறுதி கூறின் அதற்குச் செயற்றிட்டம் இருத்தல் வேண்டும். தவறாக விளம்பரப்படுத்துவோர்க்கு 2019-இன் நுகர்வோர் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டுஞ் செய்யின் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். முறையிட விரும்புவோர் 1915 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் கூறலாம். யான் மேலே கூறிய இலக்கணம் முழுவதும் இந்நெறிகளில் அடங்கியிருத்தல் கண்டு, இதனை எழுதினார் யாரோ தமிழாசிரியரிடம் பயின்றவர் போலும் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

இவ்வளவும் பிறரைப் பற்றிய பேச்சு. இப்போது நம்மைப் பற்றிய பேச்சு. நம்மவரிற் பலர் சிறுபட்டறை வைத்து வார்ப்பும் கடைசலும் முலாமிடலும் செய்து பெரிய ஆலைகட்குப் பொருள் அனுப்புகின்றனர். பெருங்கம்பெனிகள் தம் கணக்கோடு தமக்குப் பொருள் தருவோர் கணக்கையும் சேர்த்துக் காட்டத் தலைப்பட்டுள்ளன; 250 பெருங்கம்பெனிகள் இதனை 2025–26 முதல் தாமே விரும்பிச் செய்யலாம் என்று செபியும் வகுத்துளது. ஆதலின் பட்டறைக்குப் படிவங்கள் வரலாயின. உம் பொருளில் மறுசுழற்சி உலோகம் எத்துணை? கழிவுநீர் எங்கே செல்கின்றது? அமிலத்தை என்ன செய்கின்றீர்? என்று ஆங்கிலத்தில் முப்பது நாற்பது வினாக்கள். அண்மையில் நம் உறவினர் ஒருவர் அத்தகைய படிவத்தை என்னிடம் கொணர்ந்தார். எல்லா வினாவுக்கும் எதிரே ‘ஆம்’ என்று முன்னரே தட்டெழுதப்பட்டிருந்தது. அவர் செய்யவேண்டுவது ஒப்பமிடல் மட்டுமே. “நாளை மாலைக்குள் வேண்டுமாம் மாமா, தாமதித்தால் ஆர்டர் வேறிடம் போய்விடும்” என்றார். அவர் பட்டறைக் கழிவுநீர் எங்குச் செல்கின்றதென்பது எனக்குத் தெரியும், அவர்க்கும் தெரியும்.

நம் மரபினரை உலகம் நம்பியதைவிட ஐயுற்றதே மிகுதி. தாயின் பொன்னிலும் தட்டான் திருடுவான் என்றொரு பழமொழி நாட்டில் வழங்குகின்றது. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் ஒருவன் செய்த வஞ்சனை பற்றி வகுப்பிற் பாடஞ் சொல்லும்போதெல்லாம், முன்வரிசையிலிருக்கும் நம் பிள்ளைகளின் முகத்தை யான் நோக்குவதில்லை. அவ்வையத்தினாலேதான் உரைகல் பிறந்தது; தராசும் மாற்றும் பிறந்தன. 2021 ஜூன் முதல் கட்டாயமான அரசு முத்திரையும், 2023 ஏப்பிரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் வேண்டப்படும் ஆறெழுத்தெண் அடையாளமும் அதன் வழிவந்தனவே. அவை வந்தபோது சிறுதொழிலாளர் செலவுமிகுதியால் வருந்தியதும் உண்மை. ஆயினும் இன்று 916 என்று பொறித்த பொன்னைப் பற்றி எவரும் நம்மை ஐயுறுதல் இல்லை. ஒரு குன்றிமணிப் பொன்னுக்கு இத்துணைச் சோதனை கேட்ட உலகம், ‘பூமியைக் காக்கின்றோம்’ என்னும் சொல்லைச் சோதனையின்றி ஏற்கின்றது. அரசாரும் 1991-இலேயே மட்குடத்தைக் குறியாகக் கொண்டு ‘ஈக்கோமார்க்’ என்னும் முத்திரையை ஏற்படுத்தினர். 2024-இல் அதற்குப் புதுவிதிகள் செய்துளர். அக்குடக்குறி பொறித்த பண்டத்தைக் கடையிற் கண்டவர் இவ்வவையில் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் உயரா என்றே அஞ்சுகின்றேன்.

அவ்வுறவினர் அப்படிவத்தில் உடனே ஒப்பமிடவில்லை. இருவரும் அமர்ந்து அவர் பழைய சீட்டுக்களை எடுத்தோம். காயலான்கடையிலிருந்து வாங்கிய பித்தளை எத்துணை, புதிதாக வாங்கியது எத்துணை என்று ஓராண்டுக் கணக்கைக் கூட்டினோம். வாங்கியதில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் பழம்பித்தளையே. படிவத்தில் முன்னரே எழுதியிருந்ததைவிட இது மிகுதி! கழிவுநீர் வினாவுக்கு எதிரே இருந்த ‘ஆம்’ என்பதை அடித்து, ‘இப்பொழுது இல்லை, தொட்டி கட்ட மதிப்பீடு வாங்கப்பட்டுளது’ என்று எழுதி அனுப்பினார். இரண்டு கிழமை விடை வரவில்லை. வீட்டார் என்மீது வருத்தமுற்றனர். பின்னர் அவ்வாலையிலிருந்து ஒரு பொறியாளர் நேரில் வந்து பட்டறையைப் பார்த்துச் சென்றார். ஆர்டர் நின்றது, ஆயின் பாதியளவாக. தொட்டி கட்டியபின் மற்றப் பாதி வரும் என்று கூறியிருக்கின்றனர், தொட்டிவேலை நடந்துகொண்டிருக்கின்றது.

இதுபோன்ற படிவம் உங்கள் பட்டறைக்கும் வந்திருப்பின், ஒப்பமிடுமுன் ஞாயிற்றுக்கிழமை மாலையிற் சங்கத்துக்குக் கொணருங்கள். ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லக் கல்லூரி மாணவர் இருவர் இசைந்துளர்; கணக்குக் கூட்ட நம் பொருளாளரவர்கள் உளர்; வினையெச்சம் வினைமுற்று ஆராய யான் இருப்பேன். ஓராண்டுக் கொள்முதற் சீட்டுக்களையும் மறவாது எடுத்துவருதல் வேண்டும்.